நெல்லிமரத்துக் காற்று

மார்க்கண்டுவின் வருத்தம் சிறுநீரகத்தில் இருப்பதாக மன்றம் சொன்னது. அவருடைய மனைவி குணலட்சுமியைக் கேட்டிருந்தால், அது பக்கத்து வளவில் இருக்கிறது என்று சொல்லியிருப்பாள்.

பக்கத்து வளவும் அதிலிருந்த வீடும் பரமலிங்கத்தினுடையவை. இரண்டு பேரும் புத்தூரில் புகையிலைத் தோட்டம் செய்கிறவர்கள், ஐம்பது தாண்டியவர்கள், ஒருவரையொருவர் மச்சான் என்று கூப்பிடுகிறவர்கள். ஒரே கிணற்றில் இருவருக்கும் பங்கு. தொண்ணூற்றிரண்டாம் ஆண்டில் போர்த்தடையால் மண்ணெண்ணெய் குடாநாட்டுக்குள் வருவது நின்றுபோக, தண்ணீர் இறைக்கும் மெசின்களில் கோழிகள் அடைகிடந்தன. ஊரார் பழைய துலாக்களைத் தேடி எடுத்துக் கட்டினார்கள். துலாவுக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் மேலே ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, மற்றவர் கீழே நின்று வாளியைப் பிடித்து ஊற்ற வேண்டும். பரமலிங்கம் மேலே நின்றார், மார்க்கண்டு கீழே நின்றார். அவன் ஏன் எப்போதும் மேலே என்ற கேள்வி மார்க்கண்டுவுக்கு ஒவ்வொரு விடியற்காலையிலும் புதிதாக வந்தது.

பொறாமைப்படுவதற்கு வேறு காரணங்களும் இருந்தன. பரமலிங்கத்தின் தலை இன்னும் நரைக்கவில்லை. மண் ஒன்று, தண்ணீர் ஒன்று, கன்று வாங்கிய இடமும் ஒன்று. ஆனாலும் புகையிலை வாங்க வருகிற யாவாரி முதலில் பரமலிங்கத்தின் இலை உலர்த்தும் குடிலுக்குள்தான் தலையை நீட்டுவான். பரமலிங்கத்தின் மனைவி அருமைநாயகி வைக்கிற மீன்குழம்பின் வாசம் வேலி தாண்டி இந்தப் பக்கம் வரும். குணலட்சுமியின் குழம்பு வாசம் அந்தப் பக்கம் போனதாக எந்தத் தகவலும் இல்லை. மார்க்கண்டு கெட்ட மனிதர் அல்லர். பரமலிங்கத்துக்கு ஒரு கெடுதலும் வரக்கூடாது என்றுதான் நினைத்தார். தனக்கு வருவதை விட நல்லது எதுவும் அவருக்கு வந்துவிடவும் கூடாது, அவ்வளவுதான்.

இந்த நிலைமையில்தான் குடாநாட்டுச் சிறுநீரகக் காப்பு ஆய்வு மன்றம் பிறந்தது.

அதன் தலைவர் நமசிவாயம், ஓய்வுபெற்ற இரசாயன ஆசிரியர். ஒருநாள் மாலை அவர் வாங்கிய கச்சான் கடலை, ஏதோ வெளிநாட்டுச் சஞ்சிகைத் தாளில் சுற்றி வந்தது. கச்சானைத் தின்று முடித்துவிட்டுத் தாளை வாசித்தார். புகையிலைப் புகை சிறுநீரகத்தைக் கெடுக்கிறது, அதற்குக் காரணம் இரும்பில் துருப்போல உடம்புக்குள் நடக்கிற ஒட்சியேற்றம், அதைத் தடுக்கிற பொருட்கள் சில பழங்களிலும் காய்களிலும் உண்டு, அவை ஒருவேளை காப்புத் தரலாம் என்று அதில் இருந்தது. கீழ்ப்பாதி கிழிந்துபோயிருந்தது. மேற்பாதியில் சோதனை எலிகளில் நடந்ததாக எழுதியிருந்த இடங்களில், தலைவர் விவசாயிகள் என்று வாசித்துக்கொண்டார்.

அந்தப் பொருளுக்கு ‘ஒட்சியேற்ற எதிரி’ என்று தமிழில் பெயர் வைத்த அன்றே மன்றமும் தொடங்கிவிட்டது. முதலில் விதிகள் அடங்கிய யாப்பு எழுதினார்கள். பிறகு கொடி, அதன்பிறகு இறப்பர் முத்திரை, உபகுழுக்கள், உபகுழுக்களை மேற்பார்வை செய்ய ஒரு குழு. கடைசியாகத்தான் நோயாளிகள் தேவைப்படுவார்களே என்ற யோசனை வந்தது. புத்தூரில் சுருட்டுப் பிடிக்கிற தோட்டக்காரர்களை வாசிகசாலைக்கு வரச்சொல்லி அறிவித்தல் ஒட்டினார்கள். வரும்போது அவரவர் சலத்தை, அதாவது சிறுநீரை, ஒரு சுத்தமான போத்தலில் கொண்டுவர வேண்டும்.

தொடக்கவிழா அன்று மேடையில் வெள்ளைத்துணி விரித்த மேசை. ஒரு பக்கம் மாலைகள், மறு பக்கம் போத்தல்கள். நெருப்புக்குச்சி தங்கத்தைவிட அருமையாக இருந்த காலம் என்பதால், மங்கள விளக்கேற்றிய அதே குச்சியால் ஜாம்போத்தல் விளக்கையும் கொளுத்தி, ஒவ்வொருவருடைய சலத்தையும் குழாயில் ஊற்றி அதன்மேல் காய்ச்சினார்கள். இரண்டு சொட்டு வினாகிரி விட்டார்கள். தெளிவாக நின்றால் சுகம். முட்டை வெள்ளைக்கரு அவிந்ததுபோல வெளுத்துக் கலங்கினால் சிறுநீரகம் கசிகிறது. மார்க்கண்டுவினது இலேசாகக் கலங்கியது. பரமலிங்கத்தினதும் இலேசாகக் கலங்கியது. இரண்டு குழாய்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த மார்க்கண்டுவுக்கு, தன்னுடையது ஒரு துளி கூடுதலாகக் கலங்கியிருக்கிறதோ என்று மனம் சுருக்கென்றது.

நமசிவாயம் வீட்டிலும் மேடைத்தமிழ்தான் பேசுவார். மனைவியிடம் தேநீர் கேட்பதற்கும் அவையடக்கம் சொல்லித்தான் தொடங்குவார் என்பார்கள். மேடையே கிடைத்துவிட்டால் கேட்க வேண்டுமா?

“அன்பர்களே! மேலைநாட்டார் மாத்திரை என்னும் மாயையில் மூழ்கிக் கிடக்கிறார்கள். எமக்கோ மாத்திரைகளே கிடைப்பதில்லை. ஆகவே நாம் அவர்களைவிட முன்னேறியிருக்கிறோம். நெல்லிச்சாறும் முருங்கையிலைச் சாறும் கலந்த ‘காப்புப் பானம்’ என்னும் அரும்பெரும் கண்டுபிடிப்பை இம்மன்றம் உலகுக்கு அளிக்கிறது. அது பயன் தருமா என்பதைப் பின்னர் ஆராய்வோம்.”

மன்றத்தின் காப்பாளர் என்று பெயர் போடப்பட்டிருந்தவர் டொக்டர் கனிசியஸ். குருநகர்க்காரர். ஆஸ்பத்திரியில் இரவு பகலாக வேலை செய்ததால் மன்றத்துக்கு வர நேரமில்லாதவர், அன்று மட்டும் எப்படியோ சைக்கிளில் வந்து சேர்ந்திருந்தார். அவரைப் பேச அழைத்தார்கள்.

“நெல்லி நல்லதுதான், சாப்பிடுங்கோ. ஆனா சுருட்டை விட்டியள் எண்டால் அதைவிட நல்லது. கால் வீங்கினா என்னட்டை வாங்கோ,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

சபை தடுமாறிப்போயிற்று. தலைவர் எழுந்து, “மாண்புமிகு காப்பாளர் அவர்களின் நகைச்சுவை உணர்வுக்கு நன்றி. சுருட்டை விடுவது எமது ஆய்வுப் பரப்புக்கு வெளியே உள்ள விடயம். எல்லோரும் சுருட்டை விட்டுவிட்டால் இம்மன்றம் எதற்கு?” என்று கேட்டார். பலத்த கைதட்டல். டொக்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அதன்பிறகு கூட்டங்களுக்கு அவர் பெயர் மட்டும் வந்தது.

அடுத்தது ஆட்களை இரண்டாகப் பிரிக்கும் வேலை. ஒரு பகுதியார் பானம் குடிப்பார்கள், மறு பகுதியார் குடிக்க மாட்டார்கள். யார் எந்தப் பக்கம் என்பதை மனிதர் தீர்மானித்தால் பாரபட்சம் வந்துவிடும் என்று தாளில் இருந்ததாம். செயலாளர் தியாகலிங்கம் பழைய அரச கச்சேரிக் கிளாக்கர், வழி தெரிந்தவர். “பூக் கட்டிப் பாப்பம்,” என்றார். ஊரில் கலியாணம் பேசுவதென்றாலும் கிணறு வெட்டுவதென்றாலும் வாழையிலைத் துண்டில் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே மடித்துச் சாமி முன்னால் போட்டு எடுத்துப் பார்ப்பதுதானே வழக்கம். பிள்ளையாரைவிடப் பாரபட்சமில்லாதவர் யார்? வெள்ளை வந்தால் பானக் குழு. சிவப்பு வந்தால் கட்டுப்பாட்டுக் குழு.

பிள்ளையார் கோயிலில் பூக் கட்டினார்கள். பரமலிங்கத்துக்கு வெள்ளை நந்தியாவட்டை வந்தது.

மார்க்கண்டு கண்ணை மூடிக்கொண்டு இலையைப் பிரித்தார். சிவப்புச் செவ்வரத்தை. கோயில் ஐயர் எல்லோர் முன்னாலும் அதை உயர்த்திக் காட்டினார். பிள்ளையாருமா அவன் பக்கம் என்று மார்க்கண்டு நினைத்தார். தேங்காய் உடைத்ததெல்லாம் வீண் என்றும் நினைத்தார். அப்படி நினைத்ததற்காக உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கர்ப்பூரம் கொளுத்திச் சத்தியம் வாங்கினார்கள். பானக் குழுவினர், பானத்தை ஒரு நாளும் தவறாமல் குடிப்போம் என்று சத்தியம் செய்தார்கள். கட்டுப்பாட்டுக் குழுவினருக்குரிய வாசகத்தைச் செயலாளரே எழுதியிருந்தார். ஆய்வு முடியும் வரைக்கும் நெல்லியைத் தொடோம், வழக்கமான சுருட்டுகளுக்கு வழக்கம்போல நெருப்பு வைப்போம். மார்க்கண்டு சுடரில் கையை வைத்தார். வைத்த பிறகுதான் கேட்டார்.

“அப்ப எங்களுக்கு என்ன தருவியள், ஐயா?”

“ஒன்றும் தரமாட்டோம்,” என்றார் தலைவர் பெருமையோடு. “ஒன்றும் பெறாமல் இருப்பதே உங்கள் அரும்பணி.”

புத்தூரில் அந்தக் காலத்தில் நல்லாய்க் காய்க்கிற நெல்லிமரம் மார்க்கண்டுவின் வளவில்தான் நின்றது. மன்றம் அதையும் கண்டுபிடித்தது. விடிந்ததும் தியாகலிங்கம் ஒரு கொக்கத்தடியோடு வந்து மார்க்கண்டுவின் மரத்தில் காய் பறிப்பார். மன்றத்து உரலில் இடித்துப் பிழிந்து போத்தலில் அடைத்து, சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு அதே ஒழுங்கையால் வந்து, மார்க்கண்டுவின் வேலிப் படலையைத் தாண்டிப் பரமலிங்கத்தின் படலையில் இறங்குவார். தன்னுடைய மரம் தன்னைத் தாண்டிப் போகிறதை மார்க்கண்டு வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பார். பரமலிங்கம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, கொப்பளிக்கிறவர்போல வாய் நிறைய வைத்திருந்து மெல்ல மெல்ல விழுங்குவார்.

“சரியான புளிப்பு மச்சான்,” என்பார். “ஆனா உள்ளை போன உடனை நாரியடியிலை, இடுப்புக்குள்ளை, ஒரு குளிர்ச்சி. சொல்லி விளங்காது.”

“ஓம், ஓம்,” என்பார் மார்க்கண்டு. வயிறு எரியும்.

“உன்ரை மரத்துக் காய் நல்ல காய் எண்டு செயலாளர் சொன்னவர்.”

“காய் நல்லதெண்டு எனக்குத் தெரியாதே?”

குணலட்சுமி சும்மா இருக்கிறவள் அல்லள். மத்தியானச் சோற்றுக்கு நெல்லி ஊறுகாயை எடுத்து வைத்துக்கொண்டு, “உங்களுக்கு இல்லை, நீங்கள் ஆய்வு,” என்று சொல்லிச் சொல்லி நாக்கைச் சப்புக்கொட்டித் தின்றாள்.

பானம் தொடங்கிய பிறகு பரமலிங்கத்தின் சுருட்டு கூடியது. முன்பெல்லாம் சாப்பாட்டுக்குப் பிறகுதான் பற்றவைப்பார். இப்போது துலாவின் மேலேயும் வாயில் சுருட்டு. “எனக்குக் காப்பு இருக்கு மச்சான், பயமில்லை,” என்பார். சாம்பல் மார்க்கண்டுவின் தலையில் விழும். பானக் குழுவில் மற்றவர்களும் அப்படித்தான். மன்றம் இதைக் கவனிக்காமல் விடவில்லை. நடுவருட மீளாய்வுக் கூட்டத்தில் தலைவர் இதை விசேடமாகக் குறிப்பிட்டார்.

“பானக் குழுவினர் இப்போது முன்னைவிட இருமடங்கு புகைக்கிறார்கள்! அச்சமே நீங்கிவிட்டது! நோய் நீங்குவதற்கு முன்பே அச்சத்தை நீக்கிய மருந்து உலகில் வேறெங்கேனும் உண்டா?”

கைதட்டல் முடியவில்லை, பொம்மர் விமானச் சத்தம் கேட்டது. எல்லோரும் வாசிகசாலைக்குப் பின்னால் பதுங்க வெட்டியிருந்த பங்கருக்கு ஓடினார்கள். தியாகலிங்கம் முதலில் ஓடிப்போய் வாசலை மறித்து நின்றார்.

“பானக் குழு முதலிலை! பானக் குழு முதலிலை! கட்டுப்பாட்டுக் குழு கொஞ்சம் பொறுங்கோ!”

“ஏன் ஐயா, குண்டு ஆள் பாத்தே விழுறது?” என்று கேட்டார் மார்க்கண்டு.

“இவையளின்ரை உடம்புக்குள்ளை மன்றத்தின்ரை பானம் கிடக்கு. சேதமானா ஆர் பொறுப்பு?”

பானக் குழு இறங்கியதும் பங்கர் நிறைந்துவிட்டது. மார்க்கண்டு வாழைகளுக்கு நடுவே குப்புறப் படுத்தார். விமானம் எங்கோ தூரத்தில் போட்டுவிட்டுத் திரும்பிப் போயிற்று. படுத்த இடத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தபோது, பங்கர் வாசலால் சுருட்டுப் புகை சுருள் சுருளாக வந்துகொண்டிருந்தது. உள்ளே தலைவர் உரையைத் தொடர்ந்துகொண்டிருந்தார். செத்திருந்தால்கூடப் பரமலிங்கத்துக்குத்தான் பங்கருக்குள் சாகிற பேறு கிடைத்திருக்கும் என்று மார்க்கண்டு மண்ணைத் துப்பிக்கொண்டே நினைத்தார்.

ஆவணி பிறக்க அவருடைய கால் வீங்கத் தொடங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. இது விளையாட்டில்லை என்று மார்க்கண்டுவுக்குப் பயம் பிடித்தது. நேரே தலைவரின் வீட்டுக்குப் போனார். நமசிவாயம் சாய்மனைக் கதிரையில் இருந்தபடி காலைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“வீங்கியிருக்கிறதா? மிக நன்று!”

“ஐயா?”

“மார்க்கண்டு, உம்முடைய பெறுமதி உமக்கே தெரியாது. நீர் நோய்ப்பட்டால்தான் பரமலிங்கத்தின் சுகத்துக்குக் காரணம் பானம் என்று நாம் நிறுவ முடியும். உம்முடைய வீக்கம் பரமலிங்கத்தின் வெற்றிக்குச் சாட்சி.”

“என்னை மற்றப் பக்கம் மாத்தி விடுங்கோவன், ஐயா. நானும் ரண்டு மிடறு குடிக்கிறன். என்ரை மரந்தானே.”

“பிள்ளையார் தீர்த்த வழக்குக்கு மேன்முறையீடு கிடையாது.”

“அப்ப சுருட்டையெண்டாலும் விடட்டோ?”

தலைவர் கதிரையில் நிமிர்ந்தார். இவ்வளவு கேவலமான பேச்சை அவர் ஒரு பங்காளரிடம் எதிர்பார்க்கவில்லை. “அது துரோகம்! உம்மை நம்பி ஒரு விஞ்ஞானம் நிற்கிறது. நீர் சுருட்டை விட்டால் எதனோடு எதை ஒப்பிடுவது? போம், போய் நிம்மதியாகப் புகையும்.”

மார்க்கண்டு நடந்தே வந்தார். வழியெல்லாம் ஒரே வசனம்தான் காதில் நின்றது. உம்முடைய வீக்கம் பரமலிங்கத்தின் வெற்றிக்குச் சாட்சி. தான் படுக்கையில் விழ வேண்டும், அதைக் காட்டி அவனுக்கு மாலை போட வேண்டும். தன் மரம் போயிற்று, பங்கர் போயிற்று, இப்போது தன் வருத்தமும் அவன் கணக்கிலா?

நீதியும் விஞ்ஞானமும் செய்யாததை அந்த எரிச்சல் செய்தது. படலையடிக்கு வரும்போது மார்க்கண்டு தீர்மானித்துவிட்டார். அவன் நெல்லி குடிக்கட்டும். நான் நெல்லி தொடாமலே அவனைவிடச் சுகமாக நின்று காட்டுகிறேன். கடைசிநாள் சோதனையில் என் குழாய் கிணற்றுத் தண்ணி மாதிரி நிற்க வேண்டும், அதைப் பார்த்து அவனுடைய முகம் கலங்க வேண்டும்.

சத்தியத்தை அவர் மீறவில்லை. கர்ப்பூரத்தில் அடித்த சத்தியம், மீறினால் பிள்ளையார் சும்மா விடுவாரா? காலையிலும் மாலையிலும் வழக்கமான நேரத்துக்கு வழக்கமான சுருட்டை எடுத்து, புகையும் தேங்காய்ப் பொச்சிலிருந்து அதற்கு நெருப்பு வைத்தார். வைத்துவிட்டு அதை வரம்பில் நட்டார். சத்தியத்தில் இழுப்பதைப் பற்றிக் கதையே இல்லை. பழைய கிளாக்கர் எழுதினால் அப்படித்தான். வரம்பில் நட்ட சுருட்டு தன்பாட்டுக்கு எரிந்து நுளம்பு கலைத்தது.

இலேசான காரியமாக இருக்கவில்லை. முதல் வாரங்களில் குணலட்சுமியோடு உப்புக்கும் சண்டை, புளிக்கும் சண்டை. அவருடைய சொந்தக் குடிலில் தொங்கிய புகையிலையே அவரை வா வா என்று கூப்பிட்டது. அப்போதெல்லாம் வேலிக்கு மேலால் எட்டிப் பரமலிங்கத்தைப் பார்ப்பார். போத்தலைத் தூக்கி அண்ணாந்து குடிக்கிற அந்தக் கோலத்தைப் பார்த்தால் போதும், சுருட்டு ஆசை பறந்துவிடும். ஒரு பனங்கட்டித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு பல்லைக் கடிப்பார். பொறாமைக்கு இப்படி ஒரு மருத்துவக் குணம் உண்டென்று மன்றம் கண்டுபிடிக்கவில்லை. கால் வீக்கம் மெல்ல வற்றியது. மாரி மழை தொடங்கியபோது அவர் இருமவில்லை. துலாவில் மேலே நின்ற பரமலிங்கந்தான் இருமினார். இடையிடையே நின்று மூச்சு வாங்கினார். மார்க்கண்டு கீழே நின்று நிறைந்த வாளியோடு காத்திருந்தார். சந்தோசமாகக் காத்திருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

தைப்பொங்கல் கழிந்து நிறைவுவிழா வந்தது. மேசை, வெள்ளைத்துணி, மாலைகள், போத்தல்கள். பொன்னாடை ஒன்று பரமலிங்கத்துக்கென்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. பானக் குழுவின் வெற்றிக்கு வாழ்த்துப்பாவும் தயார்.

பரமலிங்கத்தின் சலம் குழாயில் சூடேறியது. வெளுத்தது. தடித்தது. ஒரு கரண்டியால் கிள்ளி எடுக்கலாம்போல அவிந்து நின்றது. பானக் குழுவில் மற்றவர்களுடையதும் ஏறக்குறைய அப்படித்தான். பிறகு மார்க்கண்டுவினதைக் காய்ச்சினார்கள். கொதித்தது. வினாகிரி விட்டார்கள். கிணற்றுத் தண்ணீர் மாதிரித் தெளிந்து நின்றது.

மார்க்கண்டு குழாயைப் பார்க்கவில்லை. பரமலிங்கத்தின் முகத்தைப் பார்த்தார். ஒரு வருடமாக ஏங்கிக்கிடந்த காட்சி அது.

தியாகலிங்கம் பாய்ந்து வந்தார். “களவாய்க் காய் திண்டனீரோ?”

“பிள்ளையாராணை இல்லை.”

“அவர் ஊறுகாயைக்கூடத் தொடேல்லை,” என்று பெண்கள் பக்கத்திலிருந்து குணலட்சுமி குரல் கொடுத்தாள். “நான் கண்முன்னாலை வைச்சுத் திண்டனான். வாயூறிக்கொண்டு பாத்துக்கொண்டிருந்தவர்.”

நிர்வாகசபை வாசிகசாலை அலுமாரிக்குப் பின்னால் போய்க் கூடியது. நெடுநேரம் குசுகுசுப்புக் கேட்டது. திரும்பி வந்தபோது தலைவரின் முகம் தொடக்கவிழாவில் இருந்ததைவிடப் பிரகாசமாக இருந்தது.

“அன்பர்களே! பானம் தோற்றது என்று அறியாதோர் கூறுவர். மன்றம் ஒருபோதும் தோற்பதில்லை. சிந்தியுங்கள்! நெல்லியைக் குடித்தவருக்கு நோய். நெல்லிமரத்தை வளவில் வைத்திருந்தவருக்குச் சுகம். இதிலிருந்து பெறப்படுவது யாது? ஒட்சியேற்ற எதிரி காயில் இல்லை! மரத்தில் பட்டு வரும் காற்றில் இருக்கிறது! காயைப் பறித்துப் பிழிந்தது நாம் விட்ட சிறிய தொழில்நுட்பத் தவறு. அத்தவறு மட்டும் நேராதிருந்தால் இம்மாபெரும் உண்மை வெளிவந்திருக்குமா? ஆகவே அத்தவறுக்காகவும் மன்றத்தைப் பாராட்டுகிறேன்!”

பொன்னாடை மார்க்கண்டுவின் தோளில் விழுந்தது. மாலை விழுந்தது. வாழ்த்துப்பாவில் பரமலிங்கம் என்று வருகிற இடமெல்லாம் மார்க்கண்டு என்று மாற்றிப் பாடினார்கள், சந்தம் இடித்தது. சுருட்டை விட்ட கதையைச் சொல்ல வாய் எடுத்த மார்க்கண்டு, பொன்னாடையின் சரிகையைத் தடவிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். முதல்வரிசையில் பரமலிங்கம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை மார்க்கண்டுவுக்கு நன்றாகத் தெரியும். ஒரு வருடமாகத் தன்னுடைய கண்ணில் இருந்த பார்வைதான் அது. வீடு வந்து சேரும் வரைக்கும் அவர் பொன்னாடையைக் கழற்றவில்லை. ஒழுங்கையில் எதிர்ப்பட்ட மாட்டுக்கும் காட்டினார்.

அடுத்த கிழமை நெல்லிமரத்தடியில் பலகை நட்டார்கள். ‘காப்புக் காற்று நிலையம்’. உட்கார வாங்குகள் வந்தன. காற்று அடிக்கிற திசையை அறிய ஓர் உபகுழு வந்து ஈரத்துணி கட்டிப் பார்த்தது. பானக் குழு இப்போது காற்றுக் குழுவாகிவிட்டது. அவர்களில் முதலாவதாக வந்து இருந்தவர் பரமலிங்கம். அருமைநாயகி கைத்தாங்கலாகக் கூட்டிவந்து விட்டுவிட்டுப் போவாள். கால் இரண்டும் தூண்போல வீங்கியிருந்தன, முகமும் ஊதியிருந்தது. வாயில் சுருட்டு.

மார்க்கண்டுவின் சந்தோசம் ஒரு கிழமை நின்றது. எட்டாம் நாள் விடிய, பழக்கத்தில் கிணற்றடிக்குப் போனார். வாளிக்கயிற்றைப் பிடித்தார். அண்ணாந்து பார்த்தார். துலாவின் மேலே ஒருவரும் இல்லை. வெறும் வானம்தான் தெரிந்தது. இரண்டு தோட்டத்துப் புகையிலையும் ஓரம் வாடத் தொடங்கியிருந்தது. தலையில் சாம்பல் கொட்ட ஆளில்லை. மேலே இருந்து, “பிடியடா மச்சான், நித்திரையோ?” என்று கத்த ஆளில்லை. இவன் செத்துப்போனால் நான் யாரைப் பார்த்து எரிவது என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும் கிணற்றுக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். வாளி வெறுமையாய்க் கிடந்தது.

பொன்னாடையை மடித்து எடுத்துக்கொண்டு தலைவரிடம் போனார்.

“ஐயா, காத்துமில்லை ஒண்டுமில்லை. நான் சுருட்டை விட்டிட்டன். அதுதான் சுகம். சபையிலை சொல்லிவிடுங்கோ. பரமலிங்கத்தை டொக்டர் கனிசியஸிட்டைக் கொண்டுபோக வேணும்.”

நமசிவாயம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மார்க்கண்டு, உமது உண்மை மிகவும் காலந்தாழ்த்தி வந்திருக்கிறது. அறிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது, பலகையும் நட்டாயிற்று. இனி நீர் உண்மை பேசினால் அது ஒழுங்குப் பிரச்சினை. அந்தப் பொன்னாடையை நீரே வைத்துக்கொள்ளும். மன்றம் கொடுத்ததை மீளப் பெறும் வழக்கம் இல்லை.”

மார்க்கண்டு நேரே மரத்தடிக்கு வந்தார். காற்றுக் குழுவில் மற்றவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். பரமலிங்கம் மட்டும் கண்ணை மூடி, மூக்கால் காற்றை இழுத்து வாயால் புகையை விட்டுக்கொண்டிருந்தார். மார்க்கண்டு அவருக்கு முன்னால் போய்க் குந்தினார்.

“மச்சான், நான் சொல்லுறதைக் கேள். உந்தக் காத்தாலை எனக்குச் சுகம் வரேல்லை. சுருட்டை விட்டதாலைதான் வந்தது. உன்னிலை உள்ள எரிச்சலிலை விட்டனான். சோதனையிலை உன்னை வெல்ல வேணுமெண்டு விட்டனான். உண்மையா.”

பரமலிங்கம் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

“வரம்பிலை சுருட்டு எரிஞ்சதை நானும் பாத்தனான்.”

“அது நட்டு வைச்சதடா! நான் இழுக்கேல்லை. எழும்பு, சைக்கிள்ளை ஏத்திக்கொண்டு போறன். டொக்டர் பாப்பார். உந்தச் சுருட்டைத் தூக்கி எறி.”

சுருட்டைப் பிடுங்கக் கையை நீட்டினார். பரமலிங்கம் மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஊதிய முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

“உன்னை எனக்குத் தெரியாதே, மச்சான்? நான் பானம் குடிக்கேக்கை வேலிக்கு மேலாலை நீ பாத்த பார்வையை நான் காணேல்லை எண்டு நினைச்சியோ? இப்ப உன்ரை மரத்துக் காத்து எனக்கும் வேலை செய்திடும் எண்டு உனக்கு எரியுது.”

“ஐயோ, இல்லையடா. பிள்ளையாராணை.”

“சரி, சரி. சத்தியம் பண்ணாதை.” பரமலிங்கம் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். “கொஞ்சம் அங்காலை தள்ளி இரு, மச்சான். காத்தை மறைக்கிறாய்.”